கழலும் கேஸ் செக்: வார்ப்புக் குண்டின் அடிக்கிண்ணி ஏன் பிடிப்பதில்லை?

காரீயத்தில் வார்த்த துப்பாக்கிக் குண்டின் அடியில் மாட்டப்படும் சின்னஞ்சிறு உலோகக் கிண்ணிக்குப் பெயர் கேஸ் செக். பெரும்பாலும் செம்பு, அல்லது செம்பு மிகுந்த பித்தளை. அண்மைக் காலமாக அலுமினியமும் உண்டு. சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. அது உட்கார இடம் கொடுப்பதற்காகக் குண்டின் அடிப்பாகம் ஒரு படி ஒடுங்கியிருக்கும். அந்த ஒடுங்கிய பகுதியைக் குதி எனலாம். குதியில் கிண்ணியை மாட்டி, குண்டை அளவுக்குக் கொண்டுவரும் சைசிங் டை வழியாக அழுத்தித் தள்ளும்போது, கிண்ணியின் சுவர் உள்நோக்கி நெருங்கி ஈயத்தைக் கவ்வ வேண்டும். கவ்வாவிட்டால் அது விரல் பட்டாலே சுழலும், நகத்தால் நெம்பினால் கழன்று வரும், சில வேளை தோட்டாவுக்குள்ளேயே விழுந்துவிடும்.

கிண்ணியின் வேலை எளியது. வெடிமருந்து எரிந்து எழும் வாயு குண்டின் அடியைத்தான் தள்ளுகிறது. வார்ப்பு ஈயத்தின் அடி விளிம்பு மென்மையானது. வேகம் நொடிக்கு 1,400, 1,500 அடியைத் தாண்டும்போது, குழலின் வரிப்பள்ளங்களில் எங்கேனும் சிறு இடைவெளி கிடைத்தால் சுடுவாயு அதன் வழியே பீறிட்டு விளிம்பை அரிக்கும். அரிபட்ட ஈயம் குழலின் உள்சுவரில் பூசிக்கொள்ளும், குறியும் சிதறும். செப்பு விளிம்பு அவ்வளவு எளிதில் அரிபடாது. கேஸ் செக் பொருத்திய வார்ப்புக் குண்டை ரைஃபிளில் நொடிக்கு 2,000 அடி வேகத்தில் நம்பிச் சுட முடிவது இதனால்தான்.

அமெரிக்காவில் குண்டு வார்ப்பது கராஜுக்குள் நடக்கும் பொழுதுபோக்கு. பழைய கார்ச் சக்கரங்களின் சமன் எடைகள், அச்சகங்களில் கழிந்த லைனோடைப் உலோகம், துப்பாக்கிக் களங்களில் பொறுக்கிய ஈயம் ஆகியவற்றை உருக்கிக் குண்டு வார்ப்போர் அங்கே ஏராளம். வார்ப்புக் குண்டு சங்கம் 1976 முதல் அதற்கெனவே இயங்குகிறது. இந்தியாவில் நிலைமை வேறு; 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். எனவே இங்கே பேசப்படுவது முழுக்க அமெரிக்கப் பட்டறை வழக்கம். சொல் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. தமிழில் ஈயம் என்றால் காரீயம், வெள்ளீயம் இரண்டையும் குறிக்கும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் ஆனது. குண்டு வார்ப்பது காரீயத்தில். குண்டுக் கலவையில் வெள்ளீயமும் கொஞ்சம் சேரும் என்பதால் இந்தக் குழப்பம் இன்னும் எளிதாக நேர்கிறது.

கேஸ் செக் என்ற பெயர் பீரங்கியிலிருந்து வந்தது. 1870களின் இறுதியில் பிரிட்டிஷாரின் வாய்வழி நிரப்பும் பீரங்கிகளின் எறிகுண்டுகளுக்கு அடியில் செப்புத் தட்டு வைத்து வாயுக் கசிவை அடைத்தார்கள். துப்பாக்கிக் குண்டின் அளவுக்கு அதைக் கொண்டுவந்தவர், கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் ஐடியல் நிறுவனத்தை நடத்திய ஜான் பார்லோ. காலம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஐடியல் பின்னர் லைமன் நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்தப் பழைய கிண்ணிகளின் சுவர் மேலிருந்து கீழ்வரை ஒரே கனம். அவை குதியில் சொருகி நின்றனவே தவிரக் கவ்வவில்லை. பல குண்டுகள் குழல்வாயைத் தாண்டியதும் கிண்ணியை உதறின. அது குறையல்ல, அப்படித்தான் நடக்க வேண்டும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். பின்னால் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த கிண்ணியில் வாய்விளிம்பு தடித்திருந்தது. டை அந்தத் தடித்த விளிம்பை உள்ளே அழுத்தும்போது அது ஈயத்தில் பல்போல் பதிகிறது. கவ்வும் வகை, கவ்வாத வகை என்ற பிரிவினை அன்று தொடங்கியது. பழைய சாமான் சந்தையில் வாங்கிய பெட்டியில் எந்த வகை இருக்கிறது என்று தெரியாமல் மாட்டிவிட்டு, பிறகு வார்ப்பைக் குறை சொல்வது இன்றும் நடக்கிறது.

கழலும் கிண்ணிக்கு வார்ப்பவர்கள் சொல்லும் காரணங்கள் பல. ஆனால் பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது ஒரு கூட்டல் கணக்கு. குதியின் விட்டத்தோடு கிண்ணிச் சுவரின் கனத்தை இருமுறை கூட்டினால் வரும் அளவு, டையின் துளையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால்தான் டை கிண்ணியை நெருக்கும். சமமாகவோ சிறிதாகவோ இருந்தால் டை குண்டின் உடலை மட்டும் அளவுக்குக் கொண்டுவரும். கிண்ணியைத் தொடாமல் போய்விடும்.

இதை .30 காலிபரில் வைத்துப் பார்க்கலாம். அளவுகள் அங்குலத்தில்; ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு பட்டறைப் பேச்சில் ஒரு தௌ. டை 0.309. குதி 0.283 என்றும் கிண்ணிச் சுவர் 0.015 என்றும் வைத்தால், 0.283 உடன் 0.030 சேர்ந்து 0.313. டை நான்கு தௌ நெருக்கும், கிண்ணி பிடிக்கும். அதே கிண்ணி, அதே டை, குதி மட்டும் 0.278 ஆகச் சிறுத்தால் கூட்டுத்தொகை 0.308. ஒரு தௌ இடைவெளியோடு கிண்ணி டையைக் கடந்துவிடும். குதி சரியாக 0.283 இருந்து, சுவர் மட்டும் 0.010 கனமுள்ள அலுமினியமானால் 0.303, ஆறு தௌ குறைவு. குளிர்பானக் கேனின் பக்கத் தகடு ஏறக்குறைய 0.004 அங்குலம்தான். அதில் ஒற்றைத் தகடாக வெட்டிய கிண்ணி .30 குண்டில் ஏன் நிற்பதில்லை என்பதற்கு வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

இதே கணக்கு இன்னொரு புதிரையும் அவிழ்க்கிறது. .303 பிரிட்டிஷ், ரஷ்ய மோசின் நகான்ட் போன்ற பழைய ராணுவ ரைஃபிள்களின் குழல் சற்று அகலம், அவற்றுக்கு 0.312, 0.314 என்று பெரிய அளவில் குண்டு வேண்டும். ஆனால் மாட்டப்படுவது .30 காலிபருக்கான அதே கிண்ணிதான். 0.309 டையில் இரும்புப் பிடியாக நின்ற கிண்ணி, 0.314 டையில் கைவிட்டுப் போகும். அச்சிலும் குற்றமில்லை, கலவையிலும் குற்றமில்லை.

இனி, குதி ஏன் சிறுக்கிறது என்பது. முதலாவது, உலோகம் ஆறும்போது சுருங்கும். தனிக் காரீயம் அதிகம் சுருங்கும். ஆன்டிமணி கூடக்கூடச் சுருக்கம் குறையும். 84 விழுக்காடு காரீயம், 12 ஆன்டிமணி, 4 வெள்ளீயம் கொண்ட லைனோடைப் உலோகத்தில் எழுத்து முனைகள் கூர்மையாக விழுந்ததற்கும் இந்தக் குணம் ஒரு காரணம். ஒரே அச்சில் மென்கலவையும் லைனோடைப்பும் வார்த்தால், .30 குண்டில் ஒன்றிரண்டு தௌ வித்தியாசம் தெரியும். கவ்வலுக்குக் கிடைக்கும் இடமே மூன்று நான்கு தௌதான் என்னும்போது, அது பெரிய தொகை. லைமன் 2ஆம் எண் கலவையை (90 காரீயம், 5 வெள்ளீயம், 5 ஆன்டிமணி) மனத்தில் வைத்து வெட்டிய அச்சில் மென்மையான ஈயத்தை ஊற்றி, குதி சிறியதென்று அச்சு செய்தவரைத் திட்டுவது நியாயமில்லை.

இரண்டாவது, அச்சு நிறையாமை. பெரும்பாலான அச்சுகளில் உலோகம் ஊற்றப்படுவது குண்டின் அடிப்பக்கத்திலிருந்து. அச்சு போதிய சூடேறாமலோ கலவை குளிர்ந்தோ இருந்தால், குதியின் அடி விளிம்பு கூர்மையாக விழாமல் உருண்டுவிடும். கிண்ணியின் உள்மூலையில் ஈயம் இல்லாத வெற்றிடம் தங்கும். வார்ப்பவர் கண்ணுக்குக் குண்டு பளபளவென்று அழகாகத் தெரியும். அந்தப் பளபளப்பே அச்சு சூடு போதவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். சரியான சூட்டில் வார்த்த குண்டில் மெல்லிய பனிப்படலம் போன்ற மங்கல் இருப்பது குற்றமல்ல.

துத்தநாகத்தைத் தனியே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் சக்கர எடைக்குக் காரீயம் தடைசெய்யப்பட்ட பிறகு, பழைய எடை வாளிகளில் துத்தநாக எடைகள் கலந்து வருகின்றன. காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். துத்தநாகத்துக்கு ஏறக்குறைய 420 டிகிரி வேண்டும். உருக்குச் சட்டியைக் குறைந்த சூட்டில் வைத்தால் துத்தநாக எடைகள் உருகாமல் மிதக்கும், கரண்டியால் அள்ளிவிடலாம். அவசரத்தில் சூட்டை ஏற்றியவர் சட்டியில் அது கரைந்துபோகும். அதன்பின் உலோகம் கஞ்சிபோல் தடித்து, குதி விளிம்புகள் எத்தனை முறை வார்த்தாலும் நிறையாது.

மூன்றாவது காரணம் அடியில் எஞ்சும் குறை. மிகுந்த உலோகத்தை வெட்டும் மேல்தகடு தளர்ந்திருந்தால் அடி விளிம்பைச் சுற்றி மெல்லிய ஈயத்தகடு பிதுங்கும். உலோகம் கெட்டியாகும் முன் வெட்டினால் நடுவில் குழி பிய்ந்து வரும். ஆறிய பின் மழுங்கிய விளிம்பால் வெட்டினால் மேடு நிற்கும். மேட்டின்மேல் உட்கார்ந்த கிண்ணி, ஒரு கால் குட்டையான முக்காலிபோல் ஆடும். சுவர் எவ்வளவு இறுகினாலும் அடி தட்டையாகப் பொருந்தாத கிண்ணியை நல்ல பொருத்தம் என்று சொல்ல முடியாது.

குதி பெரிதாக இருப்பதும் அதே தளர்ச்சிக்குக் கொண்டுபோய்விடும். வாய் அகலம் போதாத கிண்ணியை அழுத்தும்போது அது ஈயத்தைச் சீவிக்கொண்டு கோணலாக இறங்கும். சீவிய ஈயச் சுருள் கிண்ணியின் அடியில் மாட்டிக்கொள்ளும். டையை விட்டு வந்ததும் ஒரு பக்கம் இறுக்கம், மறுபக்கம் வெளிச்சம். கூம்பு முனைக் கம்பியால் கிண்ணியின் வாயைச் சற்று விரித்துவிட்டு மாட்டுவதே இதற்கு நேரான மருந்து. குதியின் நீளமும் கணக்கில் வரும். அது கிண்ணியின் ஆழத்தைவிடச் சிறிதளவு நீண்டிருந்தால் பாதகமில்லை. குறைந்திருந்தால் கிண்ணியின் வாய் குண்டின் உடலில் முட்டி நின்றுவிடும்; அடியில் காற்றுதான் இருக்கும்.

கிண்ணியின் பக்கமாகப் பார்த்தால், சுவர்க் கனத்துக்கு அடுத்தது உலோகத்தின் மீள்குணம். தகட்டைக் கிண்ணியாக அழுத்தும்போதே செம்பு இறுகிவிடும். இறுகிய செம்பை டை நெருக்கிவிட்டால், வெளியே வந்ததும் அது இம்மியளவு பின்வாங்கும். ஈயம் அவ்வளவு பின்வாங்காது. நசுங்கியது நசுங்கியதாகவே நிற்கும். அந்த இம்மியே கிண்ணி சுழல்வதற்குப் போதும். கிண்ணிகளை மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி ஆறவிட்டால் செம்பு இளகிப் பின்வாங்கும் குணத்தை இழக்கும். நீரில் போட்டாலும் காற்றில் ஆறினாலும் செம்புக்கு வேறுபாடில்லை. அலுமினியத்தில் இந்த வேலை ஏமாற்றும். அது சிவக்காமலே 660 டிகிரியில் உருகிவிடும். தகட்டில் சோப்பைத் தேய்த்து, அது கறுக்கும் கணத்தில் நெருப்பை விலக்குவது தகட்டு வேலைக்காரர்களின் பழைய உத்தி. கிண்ணி வெட்டும் முன் தகட்டுக்கு இது பொருந்தும்.

குண்டின் கடினமும் இதோடு சேர்ந்தது. சிறிதளவு ஆர்செனிக் உள்ள சக்கர எடைக் கலவையை அச்சிலிருந்து நேரே நீரில் கொட்டினால், நாள் செல்லச்செல்ல அது கெட்டிப்படும். கெட்டிப்பட்ட ஈயத்தில் கிண்ணியின் விளிம்பு பதியாது. வார்த்த அன்றே கிண்ணியைப் பொருத்திச் சைசிங்கை முடித்துவிடுவது உசிதம். ஒரு வாரம் கழித்துச் செய்தபோது மட்டும் கழன்றது என்ற புகாரின் விடை பெரும்பாலும் இங்கே இருக்கும்.

கடந்த சில ஆண்டுகளில் சேர்ந்த புதுச் சிக்கல் பவுடர் கோட்டிங். மசகுக்குப் பதிலாகக் குண்டின்மேல் பாலியெஸ்டர் பொடியைத் தூவி, சுமார் 200 டிகிரியில் சுட்டெடுக்கிறார்கள். குதியிலும் ஓரிரு தௌ பூச்சு ஏறுவதால், முன்பு சரியாக அமர்ந்த கிண்ணி இப்போது கோணலாக இறங்குகிறது. சிறுத்த குதி உள்ளவர்களுக்கோ அதே பூச்சு வரமாகிறது. எந்த அச்சுக்கு எது என்பதைப் பூசும் முன்னும் பின்னும் குதியை அளந்தால்தான் சொல்ல முடியும். முதலில் கிண்ணியா பூச்சா என்ற வாதத்துக்குப் பொதுவான தீர்ப்பு கிடையாது.

கருவியும் குற்றவாளியாகலாம். குண்டைக் கூரிய முனை முன்னாகத் தள்ளி வெளியேற்றும் டைகளில் தட்டையான தண்டு கிண்ணியின் அடியை நேராகத் தாங்குகிறது. தண்டின் தலை சாய்ந்தால் கிண்ணியும் சாயும். லைமன், ஆர்.சி.பி.எஸ். வகை மசகுப் பொறிகளில் குண்டு அடி முன்னாக இறங்கும். இவற்றில் கிண்ணி குதியில் முழுதாக அமரும் முன்பே சுவர் நெருங்கத் தொடங்கிவிடும் அபாயம் உண்டு. நெருங்கிவிட்டால் அதன்பின் அது கீழே இறங்காது. முதலில் வெறுமனே அமர்த்திவிட்டுப் பிறகு டைக்குள் இறக்குவதற்கென்றே தனிப் பிடி விற்கிறார்கள். அடி முன்னாக இறங்குவதில் ஒரு நன்மையும் இருக்கிறது. அகலக் குழல் ரைஃபிள்காரர்கள் குண்டின் அடியை மட்டும் 0.309 டையில் கிண்ணி மூழ்கும்வரை இறக்கிக் கவ்வவைத்து, மேலே எடுத்து, 0.314 டையில் உடலை முடிக்கலாம். முன்பு சொன்ன .303 சிக்கலுக்கு இதைவிடச் சுத்தமான வழி இல்லை.

இத்தனை காரணங்களில் எது என்று கண்டுபிடிக்க ஒரு மைக்ரோமீட்டரும் பொறுமையும் போதும். டைக்குப் போகும் முன் கிண்ணியை விரலால் குதியில் மாட்டிக் குண்டைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். தானே விழுந்தால் குதி சிறியது. சற்று அழுத்தியதும் உட்கார்ந்து நின்றால் சரி. ஏறவே மறுத்தால் பெரியது. டையைத் தாண்டிய பின் கிண்ணியின் பக்கச் சுவரை வெளிச்சத்தில் சுழற்றிப் பார்க்க வேண்டும். டை தொட்ட இடம் கண்ணாடிபோல் மினுங்கும். தொடாத இடம் பழைய மங்கலோடு இருக்கும். சுற்றிலும் ஒரே அகலத்தில் மினுக்குப் பட்டை இருந்தால் நெருக்கம் சீரானது. பட்டையே இல்லையென்றால் கூட்டல் கணக்கில் துண்டு விழுகிறது. பாதிச் சுற்றில் மட்டும் பட்டை தெரிந்தால் கிண்ணி கோணல், அல்லது டையும் தண்டும் ஒரே கோட்டில் இல்லை. சுற்றிலும் நல்ல பட்டை இருந்தும் கிண்ணி சுழன்றால் மீள்குணத்தைச் சந்தேகிக்க வேண்டும். கடைசியாக, ஒரு கிண்ணியைக் குறடால் பிய்த்துக் குதியைப் பார்த்தால், நன்றாகக் கவ்வியிருந்த குதியில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு வளையத் தடம் இருக்கும்.

குதிதான் சிறியது என்று உறுதியானால் வழிகள் சில உண்டு. கலவையில் ஆன்டிமணியைக் கூட்டுவதும் அச்சைச் சூடாக்குவதும் செலவில்லாதவை. முதலில் அவற்றை முயல்வதே முறை. தடித்த சுவருள்ள கிண்ணி கிடைத்தால் அதுவும் எளிது. அச்சின் இரு பாதிகளுக்கு நடுவே அலுமினிய ஒட்டுநாடா வைத்து இடைவெளி கூட்டுவோர் உண்டு. இதில் குதி ஒரு திசையில் மட்டும் பெருத்து நீள்வட்டமாகும். நிரந்தரத் தீர்வு, வார்த்த குண்டின் குதியில் மட்டும் தேய்ப்புக் குழம்பு தடவி, அச்சுக்குள் வைத்துச் சுழற்றி, குதிக் குழியைத் தேய்த்து விரிப்பது. நான்கைந்து சுற்றுக்கு ஒருமுறை கழுவி, வார்த்து, அளக்க வேண்டும். தேய்த்த இரும்பு திரும்பி வராது. ஏற்கெனவே வார்த்து வைத்த குவியலைக் காப்பாற்ற, குதியை இரண்டு அரங்களுக்கிடையே உருட்டி மேடுபள்ளம் எழுப்பலாம். நூறு குண்டுக்குமேல் யாருக்கும் பொறுமை இருக்காது.

பசை வைப்பது பலருடைய முதல் யோசனை. உடனடிப் பசையின் ஒரு துளி கிண்ணியைப் பிடித்து நிறுத்தத்தான் செய்யும். ஆனால் குதியிலிருந்த மசகின்மேல் பசை ஒட்டாது. கிண்ணி கோணலாக இருந்தால் கோணலையே நிலைநிறுத்தும். பசையால் பிடித்த கிண்ணிக்கும் கவ்விப் பிடித்த கிண்ணிக்கும் குறிப்பலகை வேறுபாடு காட்டும். 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற வரியுள்ள குழலை நொடிக்கு 2,000 அடியில் கடக்கும் குண்டு, நொடிக்கு 2,400 முறை சுழல்கிறது, நிமிடத்துக்கு 1,44,000. அந்தச் சுழற்சி கிண்ணியின் வாயை வெளிநோக்கி விரிக்கவே பார்க்கும். எல்லாக் குண்டுகளும் ஒரே இடத்தில் ஒரேபோல் உதறினால் குறி அவ்வளவு கெடாது. பத்தில் மூன்று உதறி ஏழு தக்கவைத்தால் அந்த மூன்றும் தனிவழி போகும். காரணமின்றி விலகும் குண்டு என்று பதிவேட்டில் எழுதப்படுவதில் ஒரு பங்கு இதுதான்.

குறி தப்புவதைவிடக் கவனிக்க வேண்டியது தோட்டாவுக்குள் நடப்பது. வார்ப்புக் குண்டு நீளமாகவும் தோட்டாக் கூட்டின் கழுத்து குட்டையாகவும் இருந்தால், குண்டின் அடி கழுத்தைத் தாண்டி மருந்திருக்கும் அறைக்குள் நீட்டும். .30-06 கூட்டின் கழுத்து 0.385 அங்குலம்; .308 வின்செஸ்டரில் அது 0.304தான். கழுத்துக்குள் இருக்கும்வரை தளர்ந்த கிண்ணியைக் கழுத்தே பிடித்துக்கொள்ளும். தாண்டிவிட்டால் பிடிக்க ஆளில்லை. தோட்டா பையில் குலுங்கும்போதே மருந்துக்குள் விழலாம். சுடும்போது அப்படி விழுந்த கிண்ணி குழலில் தங்கிவிட்டால், அடுத்த குண்டு அதில் மோதிக் குழலை வளையமாக வீங்கவைக்கும். கூட்டின் வாயைச் சற்று விரிக்காமல் குண்டை அமர்த்துவதும் விளிம்பு கிண்ணியைச் சுரண்டித் தளர்த்த வழி. பழைய தோட்டாவைப் பிரிக்கும்போது குண்டு மட்டும் வெளியே வந்து கிண்ணி கழுத்திலேயே தங்கினால், அந்தத் தொகுதி முழுவதும் சந்தேகத்துக்குரியது. அத்தகைய தோட்டாக்களைச் சுடாமல் பிரித்து, குண்டுகளை மீண்டும் உருக்குச் சட்டியில் போட வேண்டும். உலோகம் உருகியதும் செப்புக் கிண்ணிகள் மேலே மிதந்து வரும்.